நெய்வேலிக் கிணறுகளை அளப்பவர் யார்?

நெய்வேலியில் நிலக்கரி உண்டென்று முதன்முதலில் அறிவித்தவர்கள் பூகர்ப்ப சாத்திரிகள் அல்லர். அதை அறிவித்தது ஒரு கிணறு. 1934 ஆம் ஆண்டளவில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நிலக்கிழாரான ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் நீருக்காகத் துளையிடுவித்தபொழுது, நீருடன் கரிய பொருளொன்றும் கலந்து வெளிவந்தது. அவர் அதை அரசினரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால், அந்நிலத்தின் அடியில் பழுப்பு நிலக்கரிப் படுகையொன்று பல மைல்களுக்குப் பரந்து கிடப்பது தெரியவந்தது. 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1957 மே 20 ஆந் திகதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடக்கிவைத்தார். 1961 ஓகஸ்டில் கரிப்படுகை சூரிய வெளிச்சத்தைக் கண்டது.

நீரைத் தேடிப் போனவருக்குக் கரி கிடைத்தது. கரியைத் தேடிப் போனவர்களுக்கோ நீர் கிடைத்தது. அதுவும் வேண்டாத அளவுக்குக் கிடைத்தது. அன்று தொடங்கிய இவ்விரண்டின் போராட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. அப்போராட்டத்தில் கரியின் பக்கத்துக் கணக்கு வெகு நேர்த்தியாக எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை தொன் வெட்டினார்கள், எத்தனை அலகு மின்சாரம் பிறந்தது, எத்தனை கோடி இலாபம் வந்தது என்பனவெல்லாம் ஆண்டறிக்கையில் அச்சாகின்றன. நீரின் பக்கத்துக் கணக்கை யார் எழுதுகிறார், யாருடைய கையில் அது இருக்கிறது என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

ஈழத்தில் நிலக்கரிச் சுரங்கம் ஏது, நெய்வேலியைப் பற்றி நமக்கென்ன என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கிணற்றை நம்பி வாழும் மக்கள் நாம். ஆறில்லாத குடாநாட்டில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்தவர்கள் கிணற்று நீரைக் கொண்டே விளைவித்தார்கள். கிணறுள்ள ஓரூரின் பக்கத்தில் பெருங்குழி ஒன்று தோண்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அறிந்து வைத்திருப்பது நமக்கு வேறெவரிலும் பார்க்க அவசியமாகும். எந்தப் பெருங்குழியைப் பற்றி நாம் நினைக்கிறோம் என்பதைப் பின்னர் கூறுவோம்.

நிலத்தின் கீழே நடப்பது

முதலில், நெய்வேலி மண்ணின் அமைப்பைச் சற்றே விளக்க வேண்டும். பொறியியலாளர்கள் பொறுத்துக்கொள்வார்களாக, கமக்காரர்களுக்காக இதை எழுதுகிறோம்.

அங்கே நீர் ஒரு தட்டில் மட்டும் இல்லை. மேலே மணலும் களியும் கலந்த தட்டில் ஒரு நீர்ப்படுகை உண்டு. மழை பெய்தால் ஏறும், கோடையில் இறங்கும். நமது தோட்டக் கிணறுகளைப் போன்ற வெட்டுக் கிணறுகள் அந்த நீரையே எடுக்கின்றன. அதன் கீழே நிலக்கரிப் படுகை. கரிப்படுகைக்குக் கீழே வேறொரு நீர்ப்படுகை. இது மேலும் கீழும் அடைபட்ட மணற்பாறைத் தட்டு; கடலூர் மணற்பாறை என்பது அதன் பெயர். மேற்கே உயர்ந்த நிலத்தில் பெய்யும் மழை இத்தட்டினுள் புகுந்து, சரிவு வழியே கடலை நோக்கி நகர்கிறது. மூடிய குழாயில் நீர் நிற்பதுபோல அங்கே அது அமுக்கத்துடன் நிற்கிறது. அத்தட்டைத் துளைத்தால், யந்திரம் வைத்து இறைக்காமலே நீர் தானாக மேலெழும். பொங்குகிணறு என்று கூறுவது இதைத்தான். அப்பகுதியில் முன்னாளில் இத்தகைய கிணறுகள் பல இருந்தன.

இந்த அடிநீர் கரிப்படுகையின் அடித்தளத்தை மேல் நோக்கி உதைக்கும் அமுக்கம் சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். எளிய மொழியில் கூறினால், 200 அடி முதல் 260 அடி வரை உயரமுள்ள ஒரு நீர்த்தூண் தலைகீழாக நின்று அழுத்துவதற்கு ஒப்பாகும். மேலே மண்பாரம் இருக்கும்வரை கவலையில்லை. மண்ணை அகற்றிவிட்டால், அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வெளிவரும். யந்திரமும் மனிதரும் மூழ்க வேண்டியதுதான். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகளை இட்டு, இரவு பகலாக இறைத்து, அமுக்கத்தைக் கரித்தட்டின் அடிக்குக் கீழே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு தொன் கரியை எடுப்பதற்குப் பல தொன் நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இறைப்பு ஒரு நாள் நின்றாலும் ஆபத்து. உலகத்துச் சுரங்கத் தொழிலில் இது பெரியதொரு சாதனை என்று பொறியியலாளர் கூறுவர். அதை நாம் மறுக்கவில்லை. இறைத்த நீர் வீணாய்ப் போயிற்று என்றும் நாம் கூறவில்லை. அனல் மின் நிலையங்கள் அதைக் குடிக்கின்றன, நகரம் குடிக்கிறது, வாலாஜா ஏரிக்குப் போய்ச் சேர்ந்த நீரைக் கொண்டு நெல் விளைவித்தவர்களும் உண்டு.

ஆனால் ஓரிடத்தில் இறைத்தால் அவ்விடத்தில் மட்டும் நீர்மட்டம் தாழ்வதில்லை. துலாக் கிணற்றில் இறைப்பு நடக்கும்பொழுது பக்கத்து வீட்டுக் கிணறு சற்றே இறங்குவதைக் காணாத யாழ்ப்பாணத்தவர் உண்டா? அதே நியாயந்தான். இறைக்கும் இடத்தை நடுவாகக் கொண்டு, புனல் வைத்தாற்போல நீர்மட்டம் சரிகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சண்டைகள் பலவற்றுக்கும் அதுவே காரணம். அடைபட்ட தட்டில் இறங்குவது நீரைவிட முக்கியமாக அமுக்கம். அமுக்கத்தின் வீழ்ச்சி வெகு விரைவாகப் பல மைல்களுக்குப் பரவும். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் அதைச் சில நாட்களிலேயே உணர்ந்துவிடுவார். மேல்தட்டு நீரோ அப்படியன்று. குழியின் ஓரத்தில் உள்ள கிணறுகள் நேரே வடியும். சற்று அப்பாலுள்ளவை, இடையிலுள்ள களித்தட்டின் வழியாக நீர் மெல்ல மெல்லக் கீழே கசிந்து, ஆண்டுகள் பல சென்ற பின்னரே வற்றும். வற்றுகிற நாளில், அதற்கும் சுரங்கத்துக்கும் தொடர்பு உண்டென்று கமக்காரர் கூறினால் யார் நம்புவார்? குழி தோண்டி இருபது வருடமாயிற்றே, இப்பொழுதுதானா உன் கிணறு வற்ற நினைத்தது என்று கேட்பார்கள்.

2023 யூலையில் வளையமாதேவி என்ற கிராமத்தில் பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டும் யந்திரங்கள் இறங்கிய காட்சியைப் பத்திரிகைகளில் கண்டோம். பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக நடந்த வேலை அது. நிலம் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டதென்பது கூட்டுத்தாபனத்தின் வாதம். விளைந்த நெல்லை அறுக்கவேனும் விட்டிருக்கலாகாதா என்பது மக்களின் கேள்வி. அவ்வாண்டு ஏப்பிரலில், காவிரிப் படுகையில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்கு ஆகிய மூன்று புதிய கரிப் பிரிவுகள் ஏலப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதும் மக்களின் எதிர்ப்பினாலேயே. நிலத்தைப் பற்றிய வழக்கில் மக்கள் வாய்திறக்க முடிந்தது. உறுதியும் வரைபடமும் கையில் இருந்தன. நீரைப் பற்றிய வழக்கிலே கையில் என்ன இருக்கிறது?

மேடைகளில் ஒரு வாசகம் அடிக்கடி கேட்கிறது: முன்பு எட்டடியில் இருந்த நீர் இன்று ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. உணர்ச்சிக்கு இது உகந்த வாசகந்தான். நியாயத்தலத்தில் ஒரு கணமும் நில்லாது. துளையின் ஆழம் வேறு, துளையினுள் நீர் நிற்கும் ஆழம் வேறு. 800 அடிக்குத் துளையிட்ட கிணற்றில் நீர் 150 அடியிலேயே நிற்கக்கூடும். எதிர்த்தரப்பு அப்புக்காத்து இவ்விரண்டையும் பிரித்து இரண்டு கேள்வி கேட்டால், சாட்சிக்கூண்டில் நிற்கும் கமக்காரர் திகைத்துப் போவார். அவர் பட்ட துன்பம் உண்மை. அவர் கூறும் எண் பிழை. எண் பிழையாகவே துன்பமும் பொய்யென்று தீர்ப்பாகிவிடும்.

சுரங்கத்தின் சார்பில் கூறக்கூடிய மறுமொழியையும் நேர்மையாக எடுத்துரைப்போம். தமிழ்நாட்டில் 1990 ஆம் ஆண்டு முதல் கமக்காரர் அனைவருக்கும் இறைப்புக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. ஊருக்கு ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. சென்னை மாநகருக்கு வறட்சி வந்த காலங்களில் இந்த நெய்வேலி அடிநீரும் அங்கே கொண்டுசெல்லப்பட்டது. மழை பொய்த்த ஆண்டுகளும் உண்டு. ஆகவே நீர்மட்டம் தாழ்ந்ததற்குச் சுரங்கம் மாத்திரம் காரணமா? இது நியாயமான கேள்விதான். சுரங்கத்தால் எத்தனை அடி, கமக்காரரின் யந்திரத்தால் எத்தனை அடி, வானத்தின் வஞ்சனையால் எத்தனை அடி என்று பிரித்துக் காட்ட வல்லது ஒன்றே ஒன்று. பல கிணறுகளில், பல ஆண்டுகள், ஒழுங்காக எடுத்த அளவுகள். வேறெந்தப் பேச்சும் அங்கே உதவாது.

அளவும் அளப்பவரும்

அளவே எடுக்கப்படவில்லையா என்றால், அதுவும் இல்லை. சுரங்கத்தாரிடம் நோக்குக் கிணறுகள் உண்டு. அவற்றை அளக்கப் பகுதியொன்றும் உண்டு. அமுக்கம் எங்கே எவ்வளவு நிற்கிறதென்று தெரியாமல் அவர்களாற் சுரங்கத்தை ஒரு நாளேனும் நடத்த முடியாது. இந்திய அரசினர் சுரங்கங்களுக்கு வழங்கும் சுற்றாடல் அனுமதிப் பத்திரத்திலும் இது நிபந்தனையாக எழுதப்படுவது வழக்கம். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் புதிதாக இட்ட நோக்குக் குழாய்களிலும் நீர்மட்டத்தையும் நீரின் தன்மையையும் ஆண்டில் நான்கு முறை, அதாவது மே, ஓகஸ்ட், நவம்பர், ஜனவரி மாதங்களில், பார்த்து மத்திய அரசின் நிலத்தடி நீர்ச் சபைக்கும் சுற்றாடல் அமைச்சுக்கும் அனுப்ப வேண்டும் என்பது அந்நிபந்தனை.

எழுத்தில் குறைவில்லை. ஆயினும் அளப்பவர் யார் என்று பாருங்கள். நீரை இறைப்பவர் எவரோ, அவரே அளக்கிறார், அவரே எழுதுகிறார், அவரே அறிக்கை அனுப்புகிறார். பூனைகள் சண்டையிட்ட அப்பத்தைக் குரங்கு நிறுத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நெய்வேலிப் பொறியியலாளர் நேர்மையற்றவர் என்று நாம் கூறவில்லை. அவர்களிற் பலர் திறமையும் நாணயமும் மிக்கவர்கள். தராசு ஒருவன் கையிலும் அப்பம் அதே கையிலும் இருக்கும்பொழுது, சரியாக நிறுத்தாலுங்கூட எதிரேயிருப்பவன் நம்பமாட்டான். நம்பிக்கை இல்லாத எண்ணினால் இரு தரப்பாருக்கும் பயன் இல்லை.

அன்றியும், அந்த அறிக்கை எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களின் நடுவே, அட்டவணையாய்க் கிடக்கிறது. கிணற்றுக்குச் சொந்தக்காரருக்கு அவர் கிணற்றின் இலக்கமும் அளவும் அவர் வாசிக்கும் தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டால் எவ்வளவு செலவாகும்? கரி வெட்டும் பெரும் யந்திரத்தின் ஒரு நாட் செலவில் ஒரு துளியும் ஆகாது.

பிற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று நோக்குவோம். ஜேர்மனியில் றைன் நதிக்கு மேற்கே பழுப்பு நிலக்கரி வெட்டும் பெருங்குழிகள் உண்டு. அவற்றுள் ஹம்பாக் என்ற குழி நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் ஆழமானது. அங்கேயும் நீரை இறைத்தே கரியை வெட்டினார்கள். அங்கேயும் சுற்றுப்புறக் கிணறுகள் தாழ்ந்தன. 1958 ஆம் ஆண்டு, நெய்வேலியில் மண் வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அம்மாகாணச் சட்டசபை தனிச் சட்டமொன்றால் எர்ஃப்ட் ஆற்று நீர்ச் சங்கத்தை அமைத்தது. சுரங்கம் நடத்தும் கொம்பனி அதில் ஓர் அங்கத்தவர் மாத்திரமே. நகரசபைகளும் நீர் விநியோகத்தாரும் தொழிற்சாலைகளும் அதே சபையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான நோக்குக் குழாய்களின் அளவுகள் அச்சங்கத்தின் ஏட்டில் உள்ளன. கரி வெட்டுவதை அச்சங்கம் நிறுத்திவிடவில்லை. ஊர்கள் இடிக்கப்பட்டன, காடு அழிந்தது, சண்டைகள் நடந்தன. ஆயினும் நீர் எத்தனை மீற்றர் தாழ்ந்தது என்பதைப் பற்றி மாத்திரம் அங்கே பொய் சொல்லுவது கடினம். கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தின் பக்கத்திலுள்ள சதுப்பு நிலங்கள் வற்றாதிருக்க, இறைத்த நீரைத் திரும்ப நிலத்தினுள் செலுத்தும் ஏற்பாடும் இந்த அளவுகளின் மேலேயே நிற்கிறது. அப்பகுதியில் 2030 ஆம் ஆண்டோடு கரி வெட்டுவதை நிறுத்தத் தீர்மானித்துவிட்டார்கள். நிறுத்தினாலும் அளப்பதை நிறுத்த முடியாது. குழிகளை றைன் நதி நீரால் நிரப்பி ஏரியாக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரையும் அதன் பின்னரும் நிலத்தடி நீர் ஏறிக்கொண்டேயிருக்கும். இதை நெய்வேலிக்காரரும் நினைவில் வைத்தல் நன்று. சுரங்கம் மூடிய நாளில் கூட்டுத்தாபனம் தனது ஏட்டையும் மூடிவிட்டால், திரும்ப ஏறும் நீர் எதைக் கரைத்துக்கொண்டு ஏறுகிறதென்று கேட்பதற்கு ஆள் இராது.

அமெரிக்கர் வேறு வழியிற் சென்றார்கள். 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மேலிருந்து வெட்டும் நிலக்கரிச் சுரங்கத்தால் ஒருவருடைய கிணறு வற்றினால் அல்லது கெட்டால், சுரங்கம் நடத்துபவர் அவருக்கு மாற்று நீர் கொடுக்கக் கடமைப்பட்டவர். சுரங்கம் கேட்டு விண்ணப்பிக்கும்பொழுதே, தொடங்குவதற்கு முன் அவ்விடத்து நீர் பருவத்துக்குப் பருவம் எந்நிலையில் இருந்ததென்பதை அளந்து காட்டவும் வேண்டும். பென்சில்வேனியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சுரங்கத்துக்குக் குறித்த எல்லைக்குள் உள்ள கிணறு கெட்டால், சுரங்கமே காரணம் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சுரங்கத்தார் தலையில் விழும். இதை நமது சட்ட வல்லுநர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதே இவ்வழக்குகளில் பாதித் தீர்ப்பு. பாரம் சுரங்கத்தின் தலையில் இருந்தால், முன்கூட்டியே கிணறுகளை அளந்து வைக்கச் சுரங்கத்தார் தாமே ஓடி வருவார்கள். அவர்களுடைய தற்காப்பு அதுவன்றோ? பாரம் ஏழைக் கமக்காரர் தலையில் இருந்தால், எவரும் ஓடி வரமாட்டார்கள்.

கிணற்றுக் கொப்பி

அரசு வரும்வரை கமக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிணறு அளப்பதற்குப் பெரிய சாத்திரம் வேண்டாம். ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கில்லாத அளவு அளவே அன்று.

கிணற்றுக் கட்டில் ஓரிடத்தில் மையினால் ஒரு குறியிட்டு, எப்பொழுதும் அக்குறியிலிருந்தே அளக்க வேண்டும். கட்டின் உயரம் நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். பின்னர் கட்டை உயர்த்திக் கட்டினால் அதையும் திகதியோடு எழுத வேண்டும். அடியில் பாரம் கட்டிய உருக்கு நாடா போதும். அதன் கடைசிச் சில அடிகளுக்கு வெண்கட்டி பூசி இறக்கினால், நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். விடியற்காலையில், இறைப்புத் தொடங்குமுன், இரவு முழுவதும் கிணறு ஆறியிருந்த பின்னர் அளத்தல் வேண்டும். நண்பகலில் யந்திரம் ஓடும்போது அளந்தால் அது யந்திரத்தை அளந்ததாகுமேயன்றி நிலத்தை அளந்ததாகாது. பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு நடந்ததா, முந்திய வாரம் மழை பெய்ததா என்பதைப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை, ஒரே திகதியில்.

அளப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் விடயம் ஒன்று உண்டு. நிலத்திலிருந்து இத்தனை அடி என்பதோடு நின்றுவிட்டால், மேட்டுக் கிணற்றையும் பள்ளக் கிணற்றையும் ஒப்பிட முடியாது. ஊரிலுள்ள நில அளவையாளர் ஒருவர் ஒரு நாட் பொழுதைச் செலவிட்டு, குறிகளின் உயரத்தைக் கடல் மட்டத்தோடு தொடர்புபடுத்திக் கொடுத்துவிட்டால், அன்றுமுதல் அந்தக் கொப்பி வெறும் கொப்பியன்று, சாட்சியாகும். வெட்டுக் கிணறுகளின் அளவை ஆழ்துளைக் கிணறுகளின் அளவோடு ஒரே பக்கத்தில் எழுதலாகாது. இரண்டும் இரு வேறு நீர். சுரங்கத்தின் செல்வாக்குக்கு எட்டாதென்று கருதத்தக்க தூரத்திலும் சில கிணறுகளைத் தெரிந்து அளக்க வேண்டும். மழை பொய்த்ததனால் நீர் தாழ்ந்ததென்றால் அவையும் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, தூரத்துக் கிணறுகள் ஐந்து கோடைகளிலும் 20 அடியிலேயே நிற்க, சுரங்கத்தோரக் கிணறுகள் 20, 23, 27, 32, 38 என்று இறங்கினால், அதற்கு மேல் வானத்தின் மீது பழிபோட எவருக்கும் துணிவு வராது.

நெய்வேலிச் சுற்றுப்புறத்தில் நூறு கமக்காரர் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கொப்பியைத் தொடங்கியிருந்தால், இன்றைய வாக்குவாதத்தில் பாதி எழுந்திராது. இன்று தொடங்கினாலும் பழைய நிலையை அது காட்டாது என்பது உண்மையே. ஆயினும் சுரங்கம் இன்னும் விரிவடைய நினைக்கும் பக்கங்களில் இன்றைய அளவே நாளைய பழைய அளவு.

நமது கிணறுகள்

இனி நம்மூர்க் கதைக்கு வருவோம். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்ததென்ற கூக்குரல் எழுந்தபொழுது நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே கேள்வி நீரின் தன்மையைப் பற்றியது, மட்டத்தைப் பற்றியதன்று. ஆயினும் நோய் ஒன்றே. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மக்கள் எந்த நீரைக் குடிப்பதென்று அறியாது தவித்தனர். ஈற்றில் 2019 ஏப்பிரல் மாதம் உயர் நீதிமன்றம், கிணறுகளைத் துப்புரவாக்கும் பொருட்டு 2 கோடி ரூபாவைச் செலுத்துமாறு மின் உற்பத்திக் கொம்பனிக்குக் கட்டளையிட்டது. தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் மின் நிலையம் வருமுன் அக்கிணறுகளின் நீர் எப்படி இருந்ததென்று ஊராரின் கையில் ஏடொன்று இருந்திருக்குமானால், இத்தனை ஆண்டு அலைச்சல் ஏன்? காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டு முதல் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்தார்கள். அக்குழிகளைச் சுற்றிய கிணறுகளின் மட்டத்தை ஆண்டுதோறும் பதிந்த ஏடு எந்த ஊர்ச் சங்கத்தின் பெட்டகத்தில் இருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதட்டும்; மகிழ்ச்சியோடு பிரசுரிக்கலாம்.

நாம் முன்னர் குறிப்பிட்ட பெருங்குழி மன்னார்த் தீவைப் பற்றியது. அத்தீவின் மணலில் இல்மனைற்றுத் தாது இருப்பதைக் கண்டு, அதைத் தோண்டியெடுக்க அவுஸ்திரேலியக் கொம்பனியொன்று முயன்று வந்திருக்கிறது. தீவு மக்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. கடல் சூழ்ந்த மணற்றீவில் நன்னீர் என்பது உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலமே. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நீரியல் நூலோர் கண்ட விதி. மறுபுறமாகக் கூறினால், மேலே ஓரடி தாழ்ந்தால், காலப்போக்கில் கீழேயுள்ள நாற்பதடி உவராகிவிடும். புத்தூர் நிலாவரையின் மேல்நீரையும் அடிநீரையும் சுவைத்துப் பார்த்த யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெய்வேலியிற் கிணறு தாழ்ந்தால் இன்னும் ஆழமாகத் துளையிட்டாவது நீர் பெறலாம். மன்னாரில் ஆழமாகப் போகப் போக உப்பே கிடைக்கும்.

கொம்பனிகள் வரும், போகும், பெயர் மாறி வரும். அனுமதி கொடுக்கும் அமைச்சரும் மாறுவார். ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்து வரும் அறிக்கையில், நிலத்தடி நீருக்குப் பாதிப்பில்லை என்ற வாக்கியம் இருக்கும். அவ்வாக்கியத்துக்கு எதிரே வைக்க நம்மிடம் ஊர்வலமும் கண்டனத் தீர்மானமும் மாத்திரம் இருந்தாற் போதாது. மன்னார், பேசாலை, தலைமன்னார்ப் பகுதிகளிற் கிணறு வைத்திருப்போரில் ஐம்பது பேர் முன்வரட்டும். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், நில அளவையாளர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர், சட்டத்தரணி ஒருவர் அவர்களோடு சேரட்டும். மட்டத்தோடு உவர்ப்பையும் அளக்க வேண்டும். அதற்குரிய சிறு கருவி கைக்கு அடக்கமானது, பாடசாலை ஆய்வுகூடம் ஒன்றாலும் வாங்கக்கூடியது. ஒவ்வொரு மாத அளவும் இரண்டு பிரதியாக எழுதப்பட்டு, ஒன்று பிரதேச சபைக் காரியாலயத்தில் கையெழுத்தோடு ஒப்படைக்கப்பட வேண்டும். மற்றது ஊர்ச் சங்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு மாரியும் இரண்டு கோடையும் கண்ட கொப்பி இல்லாமல் எந்த அகழ்வுக்கும் அனுமதி வழங்கலாகாது என்று பிரதேச சபையும் தமிழ்ப் பாராளுமன்ற அங்கத்தவர்களும் வற்புறுத்தலாம். அளப்பதற்குரிய செலவை, அகழ விரும்புபவர் கட்டுப்பணமாக முன்கூட்டியே செலுத்தட்டும். அளக்கும் நாடா மாத்திரம் அவர் கையில் இருக்கலாகாது.

ஐப்பசி மழை தொடங்குமுன், கிணறுகள் ஆகத் தாழ்ந்து நிற்கும் புரட்டாதியிலேயே முதல் அளவை எடுத்துவிடுவது நல்லது.